நுரையீரல் புற்று எலும்புக்குப் பரவிய பிறகு எவ்வளவு காலம்? கணக்குப் போடும் முறை, படிப்படியாக

குடியாத்தத்தில் லுங்கித் தறி போட்டிருந்த என் தாய்மாமாவுக்கு இடுப்பு வலி வந்தபோது வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முப்பது வருஷம் குழித்தறியில் உட்கார்ந்தவருக்கு இடுப்பு வலிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம் என்றார் அத்தை. தைலம், ஒத்தடம், மாத்திரை என்று நாலு மாதம் போனது. ஐந்தாவது மாதம் வேலூரில் எடுத்த ஸ்கேனில், நுரையீரலில் ஆரம்பித்த கட்டி முதுகெலும்பிலும் இடுப்பெலும்பிலும் பரவியிருந்தது தெரிந்தது. அன்றைக்குச் சாயங்காலம் மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்: "இன்னாடா மாப்ள, எத்தினி மாசம்னு சொன்னாங்க? பொய் சொல்லாத."

நான் டாக்டர் இல்லை. ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். ஆனால் அடுத்த ஒன்றரை வருஷத்தில் இந்த ஒரு கணக்கைப் பல தடவை போட்டுப் பார்த்தோம். டாக்டர்களும் போட்டார்கள், நானும் அவர்களிடம் கேட்டுக் கேட்டு உட்கார்ந்து போட்டேன். அதில் எதை எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்டதைக் கீழே எழுதியிருக்கிறேன். இதை வைத்து மருந்தை மாற்றவோ நிறுத்தவோ கூடாது. டாக்டர் முன்னால் உட்காரும்போது என்ன கேட்பது என்று தெரிந்தால் போதும்.

படி 1: கணக்கு எதற்கு என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள்

"எவ்வளவு நாள்" என்ற கேள்விக்குப் பின்னால் எப்போதும் வேறொரு கேள்வி இருக்கும். எங்கள் வீட்டில் அது கல்யாணம். மாமா மகளுக்கு ஆவணியில் முகூர்த்தம் குறித்திருந்தோம், நோய் தெரிந்தது பங்குனியில். அறுவை மருத்துவருக்கு அது வேறு கேள்வி: தொடை எலும்பில் கம்பி வைத்தால், ஆறி நடக்கும் அளவுக்காவது ஆள் இருப்பாரா? கதிர்வீச்சு மருத்துவருக்கு, நம் ஊர்ப் பேச்சில் கரண்ட் வைக்கிற டாக்டருக்கு, ஒரே தடவையில் 8 கிரே (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு) கொடுத்து அனுப்புவதா, பத்து நாள் வரச் சொல்வதா என்பது கேள்வி. வலி குறைப்பதில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரே தடவை கொடுத்தவர்களுக்குப் பின்னால் மறுபடியும் கொடுக்க வேண்டிவருவது அதிகம், அவ்வளவே. ஆகவே காலம் குறைவு என்றாலோ, ஜார்க்கண்டிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்து வேலூர் காந்தி ரோட்டு லாட்ஜில் தங்கியிருக்கும் குடும்பம் என்றாலோ ஒரே தடவை என்பது நல்ல முடிவு.

கேள்வி மூன்று மாதத்தைப் பற்றியதா, ஒரு வருஷத்தைப் பற்றியதா என்று தெரிந்துவிட்டால் "சரியா எத்தனை நாள்" என்று யாரையும் நெருக்க வேண்டியதில்லை. "ஆறு மாதம் தாண்டுவதற்கு வாய்ப்பு எவ்வளவு?" என்று கேட்கலாம். அதற்குப் பதில் இருக்கிறது.

படி 2: எலும்பில் இருப்பது புற்றுதானா?

நம் ஊரில் இந்தப் படியைத் தாண்டக் கூடாது. முதுகெலும்பைத் தாக்கும் இன்னொரு நோய் இங்கே சாதாரணம்: காசநோய். இருமல், எடை குறைவு, மாலைக் காய்ச்சல், முதுகு வலி என்று இரண்டிலும் கதை ஒன்றுபோலவே இருக்கும். மாமாவுக்கும் முதலில் பார்த்த இடத்தில் சளிப் பரிசோதனை கூடச் செய்யாமல் டி.பி. மாத்திரை ஆரம்பித்துவிட்டார்கள். ஆறு வாரம் வீண்.

எம்.ஆர்.ஐ.யில் ஒரு துப்பு கிடைக்கும். காசநோய் பெரும்பாலும் இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவிலிருக்கும் வட்டையும் சேர்த்து அரிக்கும். புற்று பெரும்பாலும் வட்டை விட்டுவிட்டு எலும்பையும் அதன் பின்பக்கக் காம்பையும் பிடிக்கும். ஆனால் துப்பு துப்புதான். பயாப்ஸியில் செல்லைப் பார்த்த பிறகே முடிவு. இன்னொன்று: இரண்டு நோயும் ஒரே ஆளுக்கு இருக்கலாம்.

படி 3: எந்த வகை, எந்த ஜீன்

மொத்தக் கணக்கிலும் அதிகம் புரட்டிப்போடக்கூடிய தாள் இதுதான். அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

நுரையீரல் புற்றில் சுமார் 85 சதவீதம் சிறுசெல் அல்லாத வகை. மிச்சம் சிறுசெல் வகை. அது வேகமானது, கீமோவுக்குச் சட்டென்று அடங்கும், அதேபோல் சட்டென்று திரும்பும். நோய் பரவிய சிறுசெல் வகைக்குக் கீமோவோடு உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்தும் சேர்த்துக் கொடுத்த பெரிய ஆய்வில் இடைநிலைக் காலம் 12.3 மாதம், கீமோ மட்டும் என்றால் 10.3. இடைநிலை என்றால் பாதிப் பேர் தாண்டிய கோடு. அந்தக் கோட்டைப் பற்றிப் படி 8-இல் பேசுவோம்.

சிறுசெல் அல்லாதவற்றில் இந்தியாவில் அதிகம் பார்ப்பது அடினோகார்சினோமா. இதில் ஜீன் டெஸ்ட் கட்டாயம். இ.ஜி.எஃப்.ஆர். என்ற ஜீனில் மாற்றம் இந்திய நோயாளிகளில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு இருக்கும். ஏ.எல்.கே. மாற்றம் நூறில் ஐந்து பேர் அளவுக்கு. இன்னும் சில அரிய மாற்றங்களும் உண்டு. இருந்தால் மாத்திரையே மருந்து. எலும்புக்குப் பரவிய நுரையீரல் புற்றுக்கு 6 முதல் 10 மாதம் என்று பழைய மருத்துவக் கட்டுரைகள் எழுதியதெல்லாம் பெரும்பாலும் இந்த மாத்திரைகள் வருவதற்கு முந்தைய கதை. இ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் உள்ளவர்களுக்கு முதல் மருந்தாக ஒசிமெர்டினிப் மாத்திரை கொடுத்த ஆய்வில் இடைநிலை 38.6 மாதம். அதே ஆய்வில் கெஃபிடினிப் அல்லது எர்லோடினிப் எடுத்த பக்கம் 31.8. மும்பை டாடா மருத்துவமனையில் 2020-இல் வெளியான ஆய்வில், கெஃபிடினிப்போடு கீமோவும் சேர்த்தவர்களுக்கு நோய் அடங்கியிருந்த காலம் 8 மாதத்திலிருந்து 16 மாதமாக இரட்டித்தது. ஜீன் மாற்றம் எதுவும் இல்லை, ஆனால் கட்டியில் பி.டி.எல்.-1 என்ற புரதம் 50 சதவீதத்துக்கு மேல் என்றால், நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் பெம்ப்ரோலிசுமாப் ஊசி கொடுத்த ஆய்வில் நூறில் 32 பேர் ஐந்து வருஷம் தாண்டினார்கள். இந்த எண்கள் எல்லாம் நோய் பரவிய எல்லோரையும் சேர்த்தவை. எலும்புக்குப் போனவர்களை மட்டும் எடுத்தால் கொஞ்சம் குறையும். ஆய்வில் சேர்த்தவர்களும் எழுந்து நடமாடுகிறவர்களே.

"முப்பது வருஷம் பீடி குடிச்சவருக்கு இ.ஜி.எஃப்.ஆர். இருக்காது" என்று எங்களிடம் ஒருவர் சொன்னார். புகை பிடிக்காதவர்களுக்கும் பெண்களுக்கும் அது அதிகம் என்பது உண்மை. பிடித்தவர்களுக்கு இருக்காது என்பது பொய். மாமாவுக்கு இருந்தது.

ஆனால் முதல் டெஸ்ட் தோற்றது. காரணத்தைக் கேட்டால் நம்ப மாட்டீர்கள். எலும்பிலிருந்து எடுத்த துண்டு கெட்டியாக இருப்பதால் அப்படியே மெல்லிசாகச் சீவ முடியாது. அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணாம்பை எடுப்பார்கள். கடும் அமிலமானால் உள்ளேயிருக்கும் டி.என்.ஏ.வும் சிதைந்துவிடும். ரிப்போர்ட்டில் "மாதிரி போதுமானதாக இல்லை" என்று ஒரே வரி வந்தது. மறுபடியும் நுரையீரலிலிருந்து ஊசி போட்டு எடுத்தோம். மூன்று வாரம் போனது. அதனால் பயாப்ஸிக்குப் போகும் முன்பே கேளுங்கள்: "ஜீன் டெஸ்டுக்கும் இதே மாதிரிதானே சார்? நுரையீரல் கட்டியிலோ கழலையிலோ எடுக்க முடியுமா? எலும்பில்தான் எடுக்கணும்னா மிருதுவான பகுதியைத் தனியா வைக்க முடியுமா?" மெதுவாக வேலை செய்யும் இ.டி.டி.ஏ. கரைசலில் ஊறவைத்தால் டி.என்.ஏ. பெரும்பாலும் தப்பும். எதுவும் முடியாவிட்டால் ரத்தத்திலேயே பார்க்கும் டெஸ்டும் இருக்கிறது. அதில் மாற்றம் தெரிந்தால் நம்பலாம், தெரியவில்லை என்றால் இல்லை என்று முடிவு கட்ட முடியாது.

படி 4: எங்கெல்லாம்

"நாலாம் ஸ்டேஜ்" என்ற ஒரே வார்த்தைக்குள் பல வீடுகள் இருக்கின்றன. நெஞ்சுக்கு வெளியே ஒரே ஒரு இடத்தில் ஒரே ஒரு கட்டி என்றால் எம்1பி, பல என்றால் எம்1சி. ஸ்டேஜ் பிரிக்கும் விதிகளின் 9-ஆம் பதிப்பில் எம்1சி-யையும் இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள்: பல கட்டிகள் ஒரே உறுப்பு மண்டலத்தில், உதாரணமாக எலும்பில் மட்டும், என்றால் ஒன்று. எலும்பு, கல்லீரல், மூளை என்று சிதறியிருந்தால் மற்றொன்று. எலும்பில் மட்டும் என்பது மேல். கல்லீரல் சேர்ந்தால் கணக்கு நன்றாகவே இறங்கும். மூளையைப் படம் எடுத்துப் பார்க்காமல் "எலும்பில் மட்டும்" என்று எழுதாதீர்கள்.

படி 5: ஆளைப் பாருங்கள்

டாக்டர்கள் ஈகாக் என்று ஒரு எண் எழுதுவார்கள், 0 முதல் 4 வரை. 0 என்றால் பழையபடி எல்லா வேலையும். 1 என்றால் கடின வேலை முடியாது, லேசான வேலை முடியும். 2 என்றால் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்வார், சம்பாதிக்கும் வேலை முடியாது, விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் எழுந்து நடமாடுவார். 3 என்றால் பாதிக்கு மேல் படுக்கை அல்லது நாற்காலி. 4 என்றால் முழுக்கப் படுக்கை.

இந்த எண்ணை ஓ.பி.யில் மூன்று நிமிஷத்தில் எழுதுவார்கள். வீட்டில் நாள் முழுக்கப் பார்ப்பது நாம். மாமா டாக்டர் அறைக்குள் போகும்போது மட்டும் சட்டையை இழுத்துவிட்டு நிமிர்ந்து நடப்பார். வெளியே வந்ததும் பெஞ்சில் சாய்ந்துவிடுவார். நான் ஒரு வாரம் ஒரு பழைய கணக்கு நோட்டில் எழுதினேன்: எத்தனை மணிக்கு எழுந்தார், குளியல் தானாகவா, தெருமுனை டீக்கடைக்குப் போனாரா. அந்த ஒரு பக்கத்தைக் காட்டியதும் டாக்டர் தான் எழுதியிருந்த 2-ஐ அடித்து 3 ஆக்கினார்.

அப்புறம் அவரே கேட்ட கேள்விதான் முக்கியமானது: "வலியினால படுத்திருக்காரா, நோயினால படுத்திருக்காரா?" வலியால் என்றால் அந்த 3 தற்காலிகம். மார்ஃபின் சரியான அளவில் கொடுத்து, எலும்புக்குக் கரண்ட் வைத்தால் ஆள் எழுந்துவிடுவார். மார்ஃபின் என்றதும் "கடைசி மருந்தாச்சே" என்று அத்தை அழுதார். அது வலி மருந்து, ஆயுளைக் குறைக்காது.

படி 6: ரத்த ரிப்போர்ட்டில் எந்த வரிகள்

இருபது முப்பது வரியில் பார்க்க வேண்டியவை ஆறுதான். ஆல்புமின் (ரத்தத்திலுள்ள ஒரு புரதம்), எல்.டி.எச். (செல்கள் சிதைவதைக் காட்டும் நொதி), சி.ஆர்.பி. (அழற்சியைக் காட்டும் புரதம்), கால்சியம், பிலிருபின் (மஞ்சள் காமாலைக்குப் பார்ப்பது), தட்டணுக்கள். கால்சியத்தை ஆல்புமின் வைத்துத் திருத்த வேண்டும்: நான்கிலிருந்து ஆல்புமினைக் கழித்து, 0.8-ஆல் பெருக்கி, கால்சியத்தோடு கூட்டுங்கள். மாமாவுக்குத் தாளில் இருந்தது 11.0, ஆல்புமின் 3.2. நான்கில் 3.2 போக 0.8, அதை 0.8-ஆல் பெருக்கினால் 0.64. ஆக உண்மையான கால்சியம் 11.6-க்கு மேல்.

கால்சியம் கூடினால் வாந்தி, மலச்சிக்கல், தாகம், குழப்பமான பேச்சு, தூக்கமாகவே கிடப்பது எல்லாம் வரும். வீட்டில் "ஆள் போய்க்கொண்டிருக்கிறார்" என்று நினைத்தோம். டிரிப்பும், கால்சியத்தை இறக்கும் ஜோலிட்ரானிக் ஆசிட் ஊசியும் போட்ட நாலாம் நாள் உட்கார்ந்து இட்லி கேட்டார்.

படி 7: மதிப்பெண் போடுங்கள், ஆனால் எந்த நாளில்?

எலும்புக்குப் பரவிய புற்றுக்கென்றே சில மதிப்பெண் முறைகள் உண்டு. முதுகுத்தண்டு அறுவைக்கு டோக்குஹாஷி, டோமிட்டா. பொதுவாக எலும்புக்கு கட்டகிரி. மூன்றும் ஜப்பானில் பிறந்தவை. டோக்குஹாஷியில் நுரையீரல் என்றாலே ஆரம்பத்தில் பூஜ்யம். ஜீன் மாத்திரைக்கு அதில் இடமில்லை. அதனால் எனக்குப் பிடித்தது கட்டகிரியின் 2014-ஆம் வருஷத் திருத்தம். 2005 முதல் 2008 வரை பார்த்த 808 நோயாளிகளை வைத்துச் செய்தது. பத்துக்குப் போடும் முறை இது:

முதலில் புற்று. நுரையீரல் என்றால் 3. ஜீன் மாத்திரை கொடுக்க முடிகிற நுரையீரல் புற்று என்றால் 2. அடுத்தது உள்ளுறுப்பு: கல்லீரலிலோ மூளையிலோ நுரையீரலிலோ முடிச்சாகப் பரவியிருந்தால் 1, நெஞ்சுச் சவ்வு, வயிற்றுச் சவ்வு, மூளை உறை என்று தூவியதுபோல் பரவியிருந்தால் 2. ரத்தம்: சி.ஆர்.பி. 0.4 அல்லது மேல், எல்.டி.எச். 250 அல்லது மேல், ஆல்புமின் 3.7-க்குக் கீழ் என்பதில் ஏதாவது ஒன்று இருந்தால் 1. தட்டணு ஒரு லட்சத்துக்குக் கீழ், திருத்திய கால்சியம் 10.3 அல்லது மேல், பிலிருபின் 1.4 அல்லது மேல் என்பதில் ஒன்று இருந்தால் 2. ஈகாக் 3 அல்லது 4 என்றால் 1. ஏற்கெனவே கீமோ எடுத்திருந்தால் 1. எலும்பில் ஒன்றுக்கு மேற்பட்ட இடம் என்றால் 1.

இங்கே கணக்குப்பிள்ளையாக ஒரு எச்சரிக்கை. அந்த சி.ஆர்.பி. 0.4 என்பது டெசிலிட்டருக்கு மில்லிகிராம். நம் ஊர் லேப்கள் பெரும்பாலும் லிட்டருக்கு எழுதும், அதில் இது 4. அலகைப் பார்க்காமல் போட்டால் எல்லோருக்கும் ஒரு மதிப்பெண் ஏறிவிடும்.

கூட்டுத்தொகை 3 வரை என்றால் ஒரு வருஷம் தாண்டியவர்கள் நூறில் 91 பேர். 4 முதல் 6 வரை என்றால் ஆறு மாதம் தாண்டியவர்கள் 74, ஒரு வருஷம் 49. 7 அல்லது மேல் என்றால் ஆறு மாதம் 27, ஒரு வருஷம் 6.

மாமாவுக்கு அட்மிட் ஆன அன்று போட்டால்: ஜீன் ரிப்போர்ட் இல்லை, ஆகவே 3. உள்ளுறுப்பில் வேறெங்கும் இல்லை, 0. கால்சியம் கூடுதல், 2. ஈகாக் 3, அதற்கு 1. கீமோ இல்லை, 0. எலும்பில் பல இடம், 1. மொத்தம் 7. நூறில் ஆறு பேர் வரிசை.

ஆறு வாரம் கழித்து அதே ஆளுக்கு: இ.ஜி.எஃப்.ஆர். இருக்கிறது, 2. உள்ளுறுப்பு 0. கால்சியம் இறங்கிவிட்டது, ஆல்புமின் மட்டும் குறைவு, 1. வலி அடங்கி ஈகாக் 2, ஆகவே 0. கீமோ 0. எலும்பு 1. மொத்தம் 4. நூறில் 49 பேர் வரிசை.

ஒரே ஆள், ஒரே எலும்பு, ஒரே கட்டி. முதல் நாள் போட்ட கணக்கை நம்பிச் சொந்தக்காரர்கள் சிலர் "ஏன் வீண் செலவு, வீட்டுக்குக் கூட்டிப் போங்க" என்றார்கள். சரிசெய்யக்கூடியதைச் சரிசெய்யும் முன் கணக்கு முடித்துவிடாதீர்கள் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். கால்சியம், வலி, தொற்று, ரத்தக்குறைவு, தெரியாத ஜீன் ஆகிய ஐந்தும் திருத்தப்பட்ட பிறகு போடும் மதிப்பெண்ணே கணக்கு. அதற்கு முன் போடுவது அவசரத்துக்கு. இன்னொன்று, 2008 வரைக்குமான நோயாளிகளை வைத்துச் செய்த முறை என்பதால் இன்றைய மாத்திரைகளின் பலம் அதில் முழுசாக இல்லை. ஜீன் மாற்றம் இருப்பவர்களுக்கு அது கொஞ்சம் கஞ்சத்தனமாகவே சொல்லும்.

படி 8: ஒற்றை எண்ணை வீச்சாக மாற்றுங்கள்

"உங்க மாதிரி ஆளுங்களுக்கு இடைநிலை 20 மாசம்" என்று டாக்டர் சொன்னால் காதில் விழுவது "20 மாசம்" மட்டும். அது தவறு. பாதிப் பேர் அதற்கு முன், பாதிப் பேர் அதற்குப் பின். ஆஸ்திரேலியப் புற்றுநோய் மருத்துவர்கள் பெலிண்டா கீலியும் மார்ட்டின் ஸ்டாக்லரும் ஒரு சுலபமான வழி சொன்னார்கள். இடைநிலையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பாதியிலிருந்து இரண்டு மடங்கு வரைக்குள் ஏறக்குறைய பாதிப் பேர் வருவார்கள். கால் பங்குக்குள் போய்விடுகிறவர்கள் பத்தில் ஒருவர். மூன்று மடங்கைத் தாண்டுகிறவர்களும் பத்தில் ஒருவர் போல.

20 மாதம் என்றால்: பாதிப் பேருக்கு 10 மாதம் முதல் 40 மாதம் வரை. துரதிர்ஷ்டசாலிகளுக்கு 5 மாதம் அல்லது குறைவு. அதிர்ஷ்டசாலிகளுக்கு 5 வருஷம் அல்லது கூட. மாமாவிடம் நான் கடைசியில் சொன்னது இப்படித்தான். அவர் கொஞ்ச நேரம் சுவர் காலண்டரைப் பார்த்துவிட்டு, "அப்போ பொண்ணு கல்யாணத்த ஆவணிக்கு வெச்சிக்காத, வைகாசிலயே முடி" என்றார். வாய்ப்பு 74 என்றால் நாலில் ஒரு பங்கு ஆபத்து. அந்த ஆபத்தை அவர் எடுக்க விரும்பவில்லை. நடக்க முடிகிற நாளில் தாரை வார்த்துக் கொடுத்தார். அந்த ஆவணியையும் பார்த்தார், அடுத்த ஆவணியையும் பார்த்தார். முகூர்த்தத்தை முன்னால் இழுத்ததற்கு யாரும் வருத்தப்படவில்லை.

படி 9: இணையத்துக் கால்குலேட்டர்கள்

நோமோகிராம் என்று கோடுகள் போட்ட படமாகவோ, விவரம் தட்டினால் சதவீதம் காட்டும் பக்கமாகவோ நிறைய வந்துவிட்டன. தட்டுவதற்கு முன் மூன்று விஷயம் பாருங்கள்.

யாரை வைத்துச் செய்தது? பல கருவிகள் அமெரிக்காவின் சீர் என்ற புற்றுநோய்ப் பதிவேட்டை வைத்துச் செய்தவை. லட்சக்கணக்கில் ஆள் இருக்கிறது, இ.ஜி.எஃப்.ஆர். விவரம் இல்லை. படி 3-இல் பார்த்த, கணக்கையே புரட்டும் தாள் அதில் கிடையாது.

என்ன கேட்கிறது? "கீமோ எடுத்தாரா?" என்று கேட்டு, ஆம் என்றால் மாதங்களைக் கூட்டும் கருவிகள் உண்டு. கீமோ எடுத்தவர்கள் அதிக நாள் இருந்தார்கள் என்பதில் பாதி கீமோவின் பலம். மீதி, கீமோ எடுக்கும் அளவுக்குத் தெம்பாக இருந்தவர்களுக்குத்தான் அதைக் கொடுத்தார்கள் என்பது. இரண்டையும் பிரிக்காமல் கருவி கூட்டிவிடும்.

சி-இண்டெக்ஸ் 0.7 என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். இரண்டு நோயாளிகளைப் பக்கத்தில் நிறுத்தினால் யார் அதிக நாள் இருப்பார் என்று பத்துக்கு ஏழு தடவை சரியாகச் சொல்லும் என்பது அதன் பொருள். நாணயத்தைச் சுண்டினாலே பத்துக்கு ஐந்து வரும். ஒரு ஆளுக்கு எத்தனை மாதம் என்பதற்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமில்லை.

படி 10: எலும்பே கணக்கைக் கெடுக்கும் இடங்கள்

எலும்பில் வந்த கட்டி நேரடியாக உயிரை எடுப்பது குறைவு. அது ஆளைப் படுக்க வைக்கும், படுக்கை மற்றதைப் பார்த்துக்கொள்ளும்.

முதுகுத்தண்டு நசுங்குவது அவசரம். கால் கனக்கிறது, மரத்துப்போகிறது, சிறுநீர் வரவில்லை, உட்காரும் இடத்தில் உணர்ச்சி இல்லை, நெஞ்சைச் சுற்றிப் பட்டை போட்டதுபோல் வலி என்றால் நாளைக் காலை ஓ.பி. என்று காத்திருக்காதீர்கள். அன்றைக்கே, ராத்திரியானாலும். நடந்து வந்தவர்கள் சிகிச்சைக்குப் பிறகும் பெரும்பாலும் நடக்கிறார்கள். நடை போன பிறகு வந்தவர்கள் திரும்ப நடப்பது குறைவு. 2005-இல் வந்த ஒரு ஆய்வில் அறுவையோடு கதிர்வீச்சும் சேர்த்தவர்களில் 84 சதவீதம் பேர் நடந்தார்கள், கதிர்வீச்சு மட்டும் என்றால் 57. அந்த அறுவைக்கு ஆள் தகுதியா என்று பார்க்கவே டாக்டர் மாதங்களைக் கணக்குப் போடுகிறார்.

தொடை எலும்புக்கு மிரெல்ஸ் என்ற மதிப்பெண் இருக்கிறது. இடம், வலி, அளவு, எலும்பை அரித்திருக்கிறதா என்று நாலுக்கும் மூன்று மூன்று, மொத்தம் 12. 9 அல்லது மேல் என்றால் உடைவதற்கு முன்பே கம்பி. கால் ஊன்றும்போது மட்டும் தொடையில் சுரீரென்றால் உடனே எக்ஸ்ரே கேளுங்கள். அந்த நிலைமையில் குடியாத்தம் பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு போகக் கூடாது.

ஜோலிட்ரானிக் ஆசிட், டெனோசுமாப் ஊசிகள் எலும்பு உடைவதைக் குறைக்கும். ஆயுளைக் கூட்டும் என்று நிரூபணம் இல்லை. ஆரம்பிக்கும் முன் பல் டாக்டரைப் பாருங்கள். ஊசி ஆரம்பித்த பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு.

படி 11: டாக்டரிடம் கேட்கும் விதம்

அமெரிக்காவில் 2000-ஆம் வருஷம் கிறிஸ்டாக்கிஸ், லாமாண்ட் இருவரும் வெளியிட்ட ஆய்வு ஒன்று: இறுதிக்காலப் பராமரிப்புக்கு வந்த 468 நோயாளிகளுக்கு எவ்வளவு காலம் என்று அவர்களுடைய டாக்டர்களிடமே கேட்டார்கள். ஏறக்குறைய சரியாகச் சொன்னது 20 சதவீதம். 63 சதவீதம் அதிகமாகச் சொன்னார்கள். சராசரியாக, சொன்ன காலம் உண்மையைப் போல் ஐந்து மடங்கு. நோயாளியை நீண்ட நாள் தெரிந்தவர்கள் இன்னும் அதிகம் தவறினார்கள். பாசம் வந்துவிடுகிறது.

ஆகவே பழகிய டாக்டரிடம் கேட்டதை, புதிதாகப் பார்க்கும் டாக்டர் ஒருவரிடமும் கேளுங்கள். "இன்னும் ஆறு மாசத்துல இவர் இல்லேன்னா உங்களுக்கு ஆச்சரியமா இருக்குமா சார்?" என்று கேட்டுப் பாருங்கள். மாதம் சொல்லத் தயங்குகிறவர்களும் இதற்குப் பதில் சொல்வார்கள். யாருக்குச் சொல்வது என்பதையும் நோயாளியிடமே முதலில் கேட்டுவிடுங்கள். எங்கள் சித்தப்பா ஒருவர் வாசலிலேயே டாக்டரை மறித்து, "அவர்கிட்ட சொல்லாதீங்க" என்றார். மாமாவோ என்னிடம் ஏற்கெனவே கேட்டிருந்தார்.

வலி மற்றும் ஆதரவு சிகிச்சைப் பிரிவுக்கு ஆரம்பத்திலேயே போங்கள். பாஸ்டனில் 151 நுரையீரல் புற்று நோயாளிகளை வைத்து நடந்த 2010-ஆம் ஆண்டு ஆய்வில், ஆரம்பத்திலேயே போனவர்களின் இடைநிலை 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9. வேலூர் சி.எம்.சி.யிலும் இதற்குத் தனிப் பிரிவு உண்டு. நடக்க முடியாத நிலையில் அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவிடுங்கள்.

படி 12: மறுபடியும், மறுபடியும்

ஒவ்வொரு ஸ்கேனுக்குப் பிறகும், ஒவ்வொரு மருந்து மாற்றத்துக்குப் பிறகும் கணக்கைப் புதிதாகப் போடுங்கள். மூன்றாம் மாத ஸ்கேனில் ஒரு பொறி இருக்கிறது. மாத்திரை நன்றாக வேலை செய்யும்போது எலும்பில் முன்பு தெரியாத கட்டிகள் ஆறி, சுண்ணாம்பு படிந்து, வெள்ளையாக முதல் தடவை தெரியும். எலும்பு ஸ்கேன் முன்பைவிடக் கறுப்பாக மின்னும். ரிப்போர்ட்டில் "புதிய இடங்கள்" என்று வரும். எங்களுக்கும் வந்தது, ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. ஆனால் நுரையீரல் கட்டி பாதியாகியிருந்தது, மாமா வலி மாத்திரை இல்லாமலே தூங்கிக்கொண்டிருந்தார். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது ஆறுறது" என்றார். வலியும் மற்றக் கட்டிகளும் என்ன சொல்கின்றன என்று பார்க்காமல் எலும்பு ஸ்கேனை மட்டும் வைத்து மருந்தை மாற்ற விடாதீர்கள்.

மாமாவுக்குக் கெஃபிடினிப் 11 மாதம் கேட்டது. அப்புறம் கீமோ. அப்போது கட்டகிரி மறுபடியும் ஏறியது. கல்லீரல் சேர்ந்தது.

கடைசிக் கட்டத்தில் மாதக் கணக்கு வாரக் கணக்காக மாறும். அங்கே ஸ்கேனும் ஜீனும் பெரிதாக ஒன்றும் சொல்லாது. ஐந்து விஷயம் பார்ப்பார்கள்: எவ்வளவு நேரம் படுக்கை, எத்தனை வாய் சாப்பாடு, காலில் வீக்கம், சும்மா இருக்கும்போதே மூச்சிரைப்பு, பேச்சில் தடுமாற்றம். நாலைந்து சேர்ந்து வந்தால் பெரும்பாலும் மூன்று வாரத்துக்குள். அந்த நேரத்தில் மார்ஃபின் கையிருப்பு, ராத்திரி கூப்பிட ஒரு போன் நம்பர், வீட்டிலா ஆஸ்பத்திரியிலா என்று அவர் முன்பே சொன்ன பதில், இவை கையில் இருக்க வேண்டும்.

மாமா வீடு என்றுதான் சொல்லியிருந்தார். புரட்டாசி முதல் வாரம் வந்த நர்ஸம்மா கால் வீக்கத்தை அமுக்கிப் பார்த்துவிட்டு, அடுத்த வாரத்துக்கு எழுதியிருந்த ரத்தப் பரிசோதனைச் சீட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார். தறியை அவிழ்த்திருந்த குழியின் மேல் பலகை போட்டு, அதற்குப் பக்கத்தில் கட்டிலை நகர்த்தினோம். அந்த இடத்தில்தான் காற்று வரும்.